பதிப்புரிமையை மீறினால் என்ன தண்டனை? சிறை, இழப்பீடு, ஸ்டிரைக்: எது எப்போது வரும்?

புதிதாக வெளிவந்த ஒரு நாவலின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. விஷயம் தெரிந்து எழுதியவர் வருத்தப்பட்டு ஒரு பதிவு போடுகிறார். அதன் கீழே விவாதம் சூடுபிடிக்கிறது. "இதற்கு மூன்று வருடம் ஜெயில், தெரியுமா?" என்கிறார் ஒருவர். "விற்றால்தான் தப்பு, சும்மா பகிர்ந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் இன்னொருவர். "எழுத்தாளர் பெயரைப் போட்டுத்தானே பகிர்ந்தோம்?" என்கிறார் மூன்றாமவர். "முதலில் அவர் புத்தகத்தைப் பதிவு செய்திருக்கிறாரா?" என்று நான்காமவர் மடக்குகிறார். முதலாமவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற மூன்று பேர் சொன்னதும் தவறு.

பதிப்புரிமை மீறலுக்கு ஒரே ஒரு தண்டனை இருப்பதாக நினைத்துக்கொள்வதால்தான் இவ்வளவு குழப்பம். மீறல் ஒன்றாக இருக்கலாம். அதன் பின்விளைவுகள் வெவ்வேறு வழிகளில் வரும். யூடியூப் போன்ற நிறுவனம் எடுக்கும் நடவடிக்கை ஒன்று, உரிமையாளர் தொடரும் சிவில் வழக்கு ஒன்று, அரசு தொடரும் குற்ற வழக்கு ஒன்று. யார் தொடங்குவது, எதை நிரூபிப்பது, கடைசியில் என்ன கிடைப்பது என்ற மூன்றிலும் இவை வேறுபடுகின்றன. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

எதை மீறுகிறோம்?

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பை நகலெடுக்கவும், வெளியிடவும், மக்களிடம் கொண்டுசேர்க்கவும், மொழிபெயர்க்கவும், வேறு வடிவத்துக்கு மாற்றவும் அதன் உரிமையாளருக்கு மட்டும் சட்டம் தரும் உரிமை. எழுத்து, இசை, ஓவியம், புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி மென்பொருள் எல்லாம் இதில் அடங்கும். படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் உருவாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் ஒரு நல்ல ஆதாரமாக உதவும், அவ்வளவுதான். நான்காமவரின் கேள்விக்கு இதுவே பதில்.

எழுத்துக்கு இந்த உரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வெறும் கருத்துக்கோ கதைக்கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கரு எவருக்கும் பொது. அதை ஒருவர் எழுதிய விதமும் கட்டிய காட்சிகளும் அவருடையவை.

ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கும்போது நமக்குச் சொந்தமாவது அந்த ஒரு பிரதி. அதைப் படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். ஸ்கேன் செய்து ஆயிரம் பேருக்கு அனுப்பும் உரிமை அந்த விலைக்குள் இல்லை.

வரப்பைத் தள்ளி வைத்தவர் கதை

கிராமத்தில் ஒருவர் பக்கத்து வயலுக்குள் வரப்பைத் தள்ளி வைத்து நெல் நட்டுவிட்டார் என்று வையுங்கள். நிலத்துக்காரர் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போவார். அவர்கள் பேசி வரப்பை நகர்த்தச் சொல்லலாம். கேட்காவிட்டால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, உழக் கூடாது என்று தடை வாங்கி, போன விளைச்சலுக்குப் பணமும் கேட்கலாம். தெரிந்தே அத்துமீறினார் என்றால் போலீசிலும் புகார் தரலாம். ஒரே வரப்புதான், மூன்று இடத்தில் மூன்று விதமான பதில். ஊர்ப் பெரியவர்கள் யாரையும் ஜெயிலில் போட முடியாது. சிவில் கோர்ட் வழக்கின் நோக்கம் நஷ்டத்தைச் சரிக்கட்டுவது. தண்டிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை.

பதிப்புரிமையும் இந்தப் பாதையில்தான் போகிறது. ஊர்ப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இன்று யூடியூபும் பேஸ்புக்கும் டெலிகிராமும் இருக்கின்றன.

ஸ்டிரைக் என்பது சட்டத் தண்டனை அல்ல

"எனக்குக் காப்பிரைட் கேஸ் வந்துவிட்டது" என்று பதறுபவர்களில் பலருக்கு வந்திருப்பது வழக்கே அல்ல, யூடியூபின் அறிவிப்பு. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று உரிமைகோரல்: வீடியோவில் ஒரு பாடல் இருப்பதைத் தானியங்கி முறையில் கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தைப் பாடலின் உரிமையாளருக்குத் திருப்பிவிடுவது அல்லது வீடியோவை முடக்குவது. இதனால் சேனலுக்கு ஆபத்தில்லை. மற்றது ஸ்டிரைக்: உரிமையாளர் முறையாகப் புகார் கொடுத்து வீடியோவை நீக்கச் செய்வது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் வந்தால் சேனலே போய்விடலாம்.

இவை அந்த நிறுவனத்தின் விதிகள். இந்தியச் சட்டத்திலும் இதற்கு இணையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால், இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பை எவரும் எட்டாதபடி செய்ய வேண்டும். 21 நாட்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால், நிறுவனம் அதை மீண்டும் திறந்துவிடலாம். பொய்ப் புகாருக்கு ஆளானவர்கள் இந்த 21 நாள் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சுருக்கமாக: ஸ்டிரைக் வந்ததால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஸ்டிரைக் வராததால் செய்தது சரி என்றும் ஆகிவிடாது.

சிவில் வழக்கு: நிறுத்து, கணக்குக் காட்டு, பணம் கொடு

உலகம் முழுவதுமே பதிப்புரிமைத் தகராறுகளின் இயல்பான இடம் சிவில் நீதிமன்றம்தான். இங்கே என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

மதுரையில் ஒரு புகைப்படக் கலைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை விடியற்காலைக் கூட்டத்தில் நின்று எடுத்த அவருடைய படத்தை, ஒரு சுற்றுலா நிறுவனம் இணையத்திலிருந்து எடுத்துத் தன் கையேட்டின் அட்டையில் அச்சிட்டுவிட்டது. மூலையிலிருந்த அவர் பெயரையும் வெட்டிவிட்டது.

அவர் வழக்குத் தொடர்ந்தால் முதலில் கேட்பது தடை உத்தரவு. மீறலை உடனே நிறுத்து என்று நீதிமன்றம் இடும் கட்டளை அது. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம் என்பதால் தொடக்கத்திலேயே இடைக்காலத் தடை கேட்பார்கள். பல வழக்குகளின் உண்மையான முடிவு இங்கேயே தெரிந்துவிடுகிறது. கையேட்டை விநியோகிக்க முடியாத நிறுவனம் சமாதானம் பேச வந்துவிடும்.

அடுத்தது இழப்பீடு. அவர் ஒரு படத்துக்கு வழக்கமாக 5,000 ரூபாய் வாங்குபவர் என்றால், அந்தத் தொகை கணக்குக்கு ஒரு தொடக்கப் புள்ளி. அதற்குப் பதிலாக, அந்தப் படத்தால் நிறுவனம் ஈட்டிய லாபத்தைக் கணக்குக் காட்டி ஒப்படைக்கும்படியும் அவர் கேட்கலாம். ஒரே இழப்புக்கு இரண்டையும் வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. அச்சாகி மீந்து கிடக்கும் கையேடுகளையும் அச்சிடப் பயன்பட்ட பிளேட்டுகளையும் சட்டம் உரிமையாளரின் சொத்தாகவே கருதுகிறது. அவற்றையும் மீட்க வழக்குத் தொடரலாம்.

பெயரை வெட்டியது தனி மீறல். தன் படைப்பின் ஆசிரியர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமையை வேறொருவருக்கு விற்ற பிறகும் படைப்பாளியிடமே தங்கிவிடுகிறது. தன் மதிப்பைக் குலைக்கும் விதத்தில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் அப்படியே.

"அது இன்னொருவருடைய படம் என்றே தெரியாது" என்று நிறுவனம் சொன்னால்? பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்பதை அந்த நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. இழப்பீடு கேட்க முடியாமல் போகும். தடை உத்தரவும், லாபத்தின் முழுப் பங்கோ ஒரு பகுதியோ உரிமையாளருக்குக் கிடைக்கும்.

இங்கே ஒரு பெரிய கட்டுக்கதையைத் தீர்த்துவிட வேண்டும். "ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் அபராதம்" என்று அடிக்கடி பகிரப்படுவது அமெரிக்கச் சட்டத்தின் எண். அங்கே நட்டத்தைக் கணக்குப் போட்டு நிரூபிக்காமலேயே, ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 1,50,000 டாலர் வரையும் நீதிமன்றம் விதிக்கலாம். இந்தியச் சட்டத்தில் அப்படி நிர்ணயிக்கப்பட்ட தொகை எதுவும் கிடையாது. பழைய திரைப்பட டிஸ்க்குகளின் தொடக்கத்தில் வரும் ஐந்தாண்டுச் சிறை, 2,50,000 டாலர் அபராதம் என்ற எச்சரிக்கையும் அமெரிக்காவுக்கு உரியதுதான்.

சாதாரணப் படைப்பாளிகளுக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. பொதுவாக எதிராளி இருக்கும் ஊருக்குப் போய்தான் வழக்குப் போட வேண்டும். பதிப்புரிமையில் உரிமையாளர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம். நாகர்கோவிலில் இருக்கும் எழுத்தாளர் டெல்லி நிறுவனத்தை நாகர்கோவிலுக்கு வரவைக்க முடியும். மீறல் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

குற்ற வழக்கு: "அறிந்தே" என்ற சொல்லின் எடை

இப்போது முதலாமவர் சொன்ன மூன்று வருடத்துக்கு வருவோம். சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்வது இது: பதிப்புரிமையை அறிந்தே மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, கூடவே 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் அதே குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால் குறைந்தபட்சம் ஓராண்டு, ஒரு லட்சம். உச்சவரம்பு மாறாது.

வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறல் என்றால், நீதிபதி சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதி, 6 மாதத்துக்கும் 50,000 ரூபாய்க்கும் குறைவாகத் தண்டிக்கலாம். இரண்டாமவர் சொன்னது இங்கேதான் தவறிப்போகிறது. விற்கவில்லை என்பது தண்டனையைக் குறைக்கக் கூடும். குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது "அறிந்தே" என்பதை. சிவில் வழக்கில் தெரியாது என்பதை எதிராளி நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே சுமை அரசின் தோளில். மூன்றாமவருக்கு இது சங்கடமான செய்தி. எழுத்தாளர் பெயரைப் போட்டுப் பகிர்ந்தவர், அது இன்னாருடைய நூல் என்று தனக்குத் தெரியும் என்பதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார். "பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை, உரிமை அனைத்தும் உரியவருக்கே" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுவதும் அப்படித்தான். பெயரைச் சொல்வது நல்ல பண்பு, செய்யவே வேண்டும். அது அனுமதிக்கு ஈடாகாது.

இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் வேறுபட்டு நின்றன. சண்டை முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றி நடந்தது. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 3 ஆண்டுக்குக் குறைவான சிறைக்கு உரிய குற்றம் என்றால் பிடியாணை வேண்டும், ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். 3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் பிடியாணை வேண்டாம், ஜாமீன் நீதிமன்றத்தின் முடிவு. "3 ஆண்டு வரை" என்பது இதில் எந்தப் பக்கம்? 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாவது பக்கம் என்று தீர்த்துவிட்டது. சரியாக 3 ஆண்டு விதிக்க வாய்ப்பிருக்கும்போது அதை 3 ஆண்டுக்குக் குறைவு என்று சொல்ல முடியாது என்பது காரணம்.

ஜாமீனில் விட இயலாத குற்றம் என்றால் ஜாமீனே கிடைக்காது என்று பொருளல்ல. காவல் நிலையத்திலேயே உரிமையாகப் பெற முடியாது, நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பதே பொருள். இருந்தாலும் இந்தத் தீர்ப்பு ஓர் எழுத்துத் தகராறைக் கைது வரை கொண்டுபோகும் ஆற்றலைப் புகார்தாரர் கையில் தந்திருக்கிறது. கொள்ளை வியாபாரம் செய்யும் கும்பலுக்கும் ஒரு படத்தைத் தவறாகப் பயன்படுத்திய சின்னக் கடைக்காரருக்கும் சட்டம் ஒரே பிரிவை நீட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. காசுத் தகராறைப் பேசி முடிப்பதற்குப் போலீசைக் காட்டி மிரட்டுவது படைப்பாளிகளுக்கும் நல்ல பெயரைத் தராது.

சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி, திருட்டுப் பிரதிகளையும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் பிடியாணை இன்றிப் பறிமுதல் செய்யலாம். அப்படி எடுத்துச் செல்லப்பட்ட பொருளில் உரிமை உள்ளவர், பறிமுதல் நடந்து 15 நாட்களுக்குள் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்து திருப்பிக் கேட்கலாம். ஜெராக்ஸ் கடை நடத்துபவர்கள் அறிந்திருக்க வேண்டிய கெடு இது.

சுருக்கமாக: சிறைத் தண்டனை உண்மையிலேயே இருக்கிறது. அது வருவதற்குப் புகார், விசாரணை, "அறிந்தே" செய்ததற்கான நிரூபணம் எல்லாம் வேண்டும். சிவில் வழக்கும் குற்ற வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கவும் தடையில்லை.

மென்பொருளும் தியேட்டரும்

திருட்டு மென்பொருளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மற்ற படைப்புகளில் நகலெடுப்பதையும் பரப்புவதையும் சட்டம் குறிவைக்கிறது. மென்பொருளில் திருட்டு நகல் என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவதும் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் சிறையின்றி 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி சென்டரும் ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோவும் அந்த மென்பொருளால்தான் சம்பாதிக்கின்றன. ஆகவே அவற்றுக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

தியேட்டரில் படத்தை கேமராவில் பிடிப்பது இப்போது திரைப்படச் சட்டத்தின் கீழும் குற்றம். 2023 திருத்தம் இதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாயிலிருந்து படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருபடி மேலே போய், 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் 2004இல் சேர்த்தார்கள். இதன்படி விசாரணை இல்லாமலேயே ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். தண்டனை என்று இதற்குப் பெயரில்லை, தடுப்புக் காவல் என்கிறார்கள்.

திருட்டுத் தளங்களை நடத்துபவர் யாரென்றே தெரியாதபோது, அடையாளம் தெரியாதவர்கள் மீது முன்கூட்டியே தடை வாங்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் இதை "அசோக் குமார்" உத்தரவு என்பார்கள்; முகம் தெரியாத எதிராளிக்கு வழக்கில் வைக்கும் பெயர் அது. 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இத்தகைய உத்தரவால், தவறே செய்யாத தளங்களும் முழுதாக முடங்கிப்போயின. குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் தடுத்தால் போதும் என்று அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் விளக்க வேண்டியதாயிற்று.

2016இல் இன்னொரு பீதி. தடுக்கப்பட்ட தளத்தைத் திறந்தால், பார்ப்பதே சிறைத் தண்டனைக்குரியது என்ற அறிவிப்பு வந்தது. வெறுமனே பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமல்ல என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லி, அந்த வாசகத்தை மாற்ற வைத்தது. ஆனால் டாரன்ட் வழியாக இறக்குபவர் வெறும் பார்வையாளர் அல்ல. கோப்பு நமக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, இறங்கிய துண்டுகளை நம் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இறக்குவதாக நினைத்துப் பரப்பவும் செய்கிறோம்.

மீறலே ஆகாதவை

எல்லா நகலும் மீறல் அல்ல. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 30 விநாடி வரை பாட்டைப் போடலாம், 10 சதவீதம் எடுக்கலாம் என்றெல்லாம் அதில் எண்ணே கிடையாது. எதற்காக, எவ்வளவு எடுத்தோம், மூலத்தின் விற்பனைக்கு அது போட்டியாகிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் எடைபோடும். ஒரு நாவலை விமர்சிக்க நான்கு பத்திகளை மேற்கோள் காட்டுவது நியாயம். "விமர்சனம்" என்று தலைப்பிட்டு முழுக் கதையையும் வாசித்துக் காட்டினால் அந்தப் பாதுகாப்பு நிற்காது.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் ஏழை மாணவர்களுக்கு நிம்மதி தந்தது. கற்பித்தலுக்குத் தேவையான அளவு பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது மீறல் ஆகாது என்றது. பாடநூலை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்து, பைண்ட் செய்து கடையில் அடுக்கி விற்பதற்கு அந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால்

பெரும்பாலான தகராறுகள் வக்கீல் நோட்டீஸில்தான் தொடங்கும். அது நீதிமன்ற ஆணை அல்ல. எதிர்த்தரப்பின் கோரிக்கை மட்டுமே. அதைக் கண்டு ஓடவும் வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். எந்தப் படைப்பு, அனுப்பியவர்தான் உரிமையாளரா, என்ன கேட்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பாடல்களில் இசையமைத்தவர், பாடல் எழுதியவர், ஒலிப்பதிவு நிறுவனம் என்று உரிமை பிரிந்து கிடப்பதால் இரண்டாவது கேள்வி முக்கியம். தவறு நம் பக்கம் என்றால் உடனே நீக்கிவிட்டு, பயன்படுத்திய அளவுக்கு நியாயமான கட்டணம் பேசுவதே செலவு குறைந்த வழி. நோட்டீஸுக்குப் பிறகும் தொடர்ந்தால் "தெரியாது" என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

கோரிக்கையே பொய் என்றால், மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடர 60ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆதாரமற்ற மிரட்டலை நிறுத்தச் சொல்லித் தடையும், அதனால் ஏற்பட்ட நட்டத்துக்கு இழப்பீடும் கேட்கலாம். மிரட்டியவர் உரிய காலத்தில் தானே வழக்குத் தொடர்ந்து முறையாக நடத்தினால் மட்டும் இந்தக் கதவு மூடிக்கொள்ளும்.